இன்னைக்கும் இல்லியா, அண்ணாச்சி?

என் அருமைத் தம்பி ஜெபராஜுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னது உன் மகள் எஸ்தர். நானாக எழுதியிருக்க மாட்டேன். இருபத்துமூன்று வருஷம் எழுதாதவன் இனிமேலா எழுதப் போகிறேன்? "அப்பாவுக்கே எழுதுங்க சார். நம்ம சங்கத்துப் பத்திரிகையில போடுங்க, எல்லாரும் படிக்கட்டும்" என்றாள். அவள் சொன்னதைச் செய்கிறேன். நீ சொன்னதைத்தான் அன்றைக்குச் செய்யவில்லை.

முதலில் ஊர்ச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். தாராவியில் நாம் சேர்ந்து வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் மூன்றாவது மாடியைப் பூட்டிவிட்டார்கள், தமிழ் வகுப்புகளுக்குப் பிள்ளைகள் போதவில்லை. வருகிற பிள்ளைகளும் இடைவேளை முழுக்க இந்தியில்தான் சண்டை போடுகிறார்கள். ஓவிய வாத்தியாராக நீ அட்டையில் வரைந்த லண்டன் கோட்டைச் சுவர் மாடிப்படிக்கு அடியில் இன்னும் சாய்ந்து நிற்கிறது. காசிம் பாய் போய்விட்டார், கறிக்கடையை அவர் மகன் நடத்துகிறான். கறி வெட்டுகிற புளியங்கட்டை போய் வெள்ளை பிளாஸ்டிக் கட்டை வந்துவிட்டது. நான் மாட்டுங்காவில் அதே ஒன்றரை அறையில் இருக்கிறேன். காலையில் எழுந்ததும் உன் வசனத்தைத்தான் சொல்லிக்கொள்கிறேன்: "இன்னைக்கும் இல்லியா, அண்ணாச்சி?"

இதைப் படிக்கிறவர்களுக்கு அந்த வசனம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்.

மாட்டுங்காவில் வீடியோ கேஸட் வாடகைக்குக் கொடுத்த கடை ஒன்று மூடப்பட்டபோது, யாரும் எடுக்காத கேஸட்டுகளை வாசலில் கொட்டி வைத்திருந்தார்கள். நீ நான்கைப் பொறுக்கிக்கொண்டு வந்தாய். மேலே ஒட்டிய தாள் கிழிந்து போயிருந்ததால் அந்தத் தொடரின் பெயர் நமக்குக் கடைசிவரை தெரியவில்லை. இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் பழைய ராஜா காலத்தைக் கேலி செய்து டிவிக்கு எடுத்த சிரிப்புத் தொடர் அது. ஒவ்வொரு வாரமும் அதே ஆட்கள். கோட்டையில் அடைபட்ட ஒரு சின்னப் பிரபு, அவன் தலையை வெட்ட வேண்டிய வெட்டுக்காரன், வெட்டுக்காரனுக்குச் சோறு கொண்டுவரும் மனைவி, ஜெபத்தை மறந்துபோகிற பாதிரியார். பிரபுவின் தலை ஒவ்வொரு வாரமும் கட்டைக்கு வரும். ஒவ்வொரு வாரமும் ஏதாவது தடங்கல் வரும்.

ஒன்றிரண்டு உதாரணம் சொல்கிறேன். ஒரு கதையில் கோடாரியைத் தோட்டக்காரன் விறகு பிளக்க எடுத்துப் போயிருப்பான். இன்னொன்றில் ராஜா பக்கத்து அறையில் அசையாமல் உட்கார்ந்து தன் படத்தை வரையச் சொல்லிக்கொண்டிருப்பார், சத்தம் வரக்கூடாது. அவ்வளவு நேரமும் பிரபு கட்டையில் கன்னத்தை வைத்துக் காத்திருப்பான். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி, இன்றும் இல்லையா என்று மரியாதையாகக் கேட்பான். கோட்டைக்கு ஒரு தலை வேண்டுமே, அதனால் முடிவில் சமையல்காரனோ ஆணையில் கையெழுத்து வாங்கி வந்த குமாஸ்தாவோ மாட்டிக்கொள்வான். அதற்கும் கேஸட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

"சாகப் போறவனைப் பாத்துச் சிரிக்கானுவ அண்ணாச்சி. பாவிப் பயலுவ. நமக்கும்லா சிரிப்பு வருது" என்று நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னது ஞாபகம் இருக்கிறதா?

பள்ளி ஆண்டு விழாவுக்கு அதைத் தமிழில் போடலாம் என்றது நான். பிரபு 'சின்னத் துரை' ஆனான். லண்டன் கோட்டையில் எல்லாரும் நம்ம திருநெல்வேலிப் பேச்சுப் பேசினார்கள். நீ சின்னத் துரை, நான் வெட்டுக்காரன். கறுப்பு உறையைத் தலையில் மாட்டிக்கொண்டு, இரண்டு ஓட்டை வழியாகப் பார்ப்பேன். கோடாரி அட்டையில் செய்தது, மேலே வெள்ளிக் காகிதம் ஒட்டியது. கட்டைக்குத்தான் காசிம் பாயிடம் போனோம். கடையநல்லூர்க்காரர், கறாரான ஆள். "வெட்டுறதுக்குக் கட்டை வேணும்னா வேற கடைக்குப் போங்க வாத்தியாரே. வெட்டாம இருக்கதுக்குன்னா எடுத்துட்டுப் போங்க" என்றார். இரண்டு பாட்டில் பினாயில் ஊற்றித் தேய்த்தோம், அப்படியும் வாடை போகவில்லை. அதில்தான் நீ கன்னத்தை வைத்தாய். வருஷத்துக்கு ஒரு மாலை, ஏழு வருஷம்.

முதல் வருஷம் ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒரு வாத்தியாரின் தலையை வெட்டப் போகிறார்கள் என்று ஹாலே உறைந்து போயிருந்தது. முன்வரிசையில் ஓர் அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரைக்குப் பின்னால் வந்ததும் நீ காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாய். "கேஸட்டுல சிரிப்பு இருக்கு அண்ணாச்சி, அதான் எங்க சிரிக்கணும்னு நமக்குத் தெரிஞ்சுது. நாம வசனத்தை மட்டும் கொண்டாந்துட்டோம், சிரிப்பை அங்கேயே விட்டுட்டு வந்துட்டோம்." எனக்கும் அது சரி என்றே பட்டது. சிரிப்பையும் சேர்த்து மொழிபெயர்க்க முடிவு செய்தோம்.

இரண்டாம் வருஷத்திலிருந்து எட்டாம் வகுப்பில் பன்னிரண்டு பேரை எடுத்தேன். ஹாலில் ஆங்காங்கே உட்காரவைப்போம். அவர்கள் வேலை சிரிப்பது, சைகை என் கோடாரி. இடுப்புக்கு வந்தால் சின்னச் சிரிப்பு. தோளுக்கு வந்தால் பெரிய சிரிப்பு. தலைக்கு மேலே போனால் வயிறு வலிக்கிற மாதிரிச் சிரிப்பு, கோடாரி இறங்குகிறவரை நிறுத்தக் கூடாது. வாய்ப்பாடு பழக்குவதுபோலப் பொறுமையாகப் பழக்கினேன். நான் பிள்ளைகளை அடிக்காத வாத்தியார் என்று பேர் வாங்கியவன், அதனால் அடிக்கவில்லை. முதலில் சிரிப்பை நிறுத்துகிறவன் ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவைத்தேன். இரண்டு பேரை அப்படி நிறுத்தியும் காட்டினேன். பன்னிரண்டு பேர் சிரித்தால் போதும், முந்நூறு பேர் சிரிப்பார்கள். தாராவியில் உன்னைப் பார்க்கிற கடைக்காரரெல்லாம் "துரை, இன்னைக்கும் இல்லியா?" என்று கேட்கிற அளவுக்கு நாடகம் பிரபலமானது.

ஏழாவது வருஷத்துக்கு வருகிறேன். எழுதாமல் சுற்றிக்கொண்டே இருக்கலாம் என்று கைக்குத் தோன்றுகிறது. ஆனால் எஸ்தர் படிப்பாள்.

மேடைக்குப் பின்னால் நீ தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். "இடது கை ஒரு மாதிரி கடுக்கு அண்ணாச்சி. வாயுவா இருக்கும்" என்றாய். ஒரு சோடா வாங்கிவரச் சொல்லிக் கொடுத்தேன். அதோடு அதை மறந்துபோனேன். வீடியோக்காரர் வந்து, நீ குனிந்து பேசுவது கேமராவில் சரியாகப் பதியவில்லை என்று, தன் மைக்கைக் கட்டையின் அடியில் வைத்துவிட்டுப் போனார். அது ஹால் ஸ்பீக்கரோடு சேர்ந்தது இல்லை, கேமராவோடு மட்டும் சேர்ந்தது.

அந்த வருஷக் கதையில் நான் மூன்று முறை கோடாரியை ஓங்க வேண்டும். முதல் முறை பாதிரியார் குறுக்கே வருவார். இரண்டாம் முறை என் மனைவியாக நடிப்பவர் சோற்றுத் தூக்கோடு வருவார். மூன்றாம் முறை யாரும் வரமாட்டார்கள். ஹால் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். நீ தலையைத் தூக்கி உன் வசனத்தைக் கேட்க வேண்டும். இரண்டு தடங்கலும் ஒழுங்காக முடிந்தன. மூன்றாம் முறை ஓங்கினேன். நீ தலையைத் தூக்கவில்லை.

அந்த இடத்தில் நீ ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் இழுப்பாய். எவ்வளவு இழுக்கிறாயோ அவ்வளவு சிரிப்பு வரும் என்று உனக்குத் தெரியும். அதனால் கோடாரியைத் தலைக்கு மேலே கொண்டுபோனேன். பிள்ளைகள் சிரித்தார்கள், ஹாலும் சிரித்தது. அப்போது உன் கை நீண்டு வந்து என் கணுக்காலைப் பிடித்தது.

நீ என்னைப் பார்த்தாய். சொன்னாய்: "அண்ணாச்சி, முடியல. நிறுத்துங்க."

நான் சொன்னேன்: "பொறுடே, நல்லா வருது."

முகமூடி மறைத்துவிட்டது, அதனால் கவனிக்கவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வகுப்பில் ஒரு பையன் இப்படிச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேனா? இரண்டு ஓட்டை வழியாக எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. உன் முகம் மட்டும்தான் தெரிந்தது. நெற்றியெல்லாம் வேர்வை, பவுடர் கோடு கோடாக இறங்கியிருந்தது. உதடு நிறம் மாறியிருந்தது. பார்த்தேன். ஏதோ சரியில்லை என்று புரிந்தது. அதே நொடியில் சிரிப்பும் கேட்டது. அப்படி ஒரு சிரிப்பை ஏழு வருஷத்தில் நான் கேட்டதில்லை. அதை விட மனசு வரவில்லை, தம்பி. உண்மை அவ்வளவுதான்.

உன் கையைக் காலால் உதறினேன். ஹால் அதிர்ந்தது. நீ வசனத்தைச் சொல்லவில்லை. சரி, நானே பதிலைச் சொல்லிவிடுவோம் என்று குனிந்து, ஹாலுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினேன்:

"இன்னைக்குத்தாம்லே, துரை!"

ஆட்கள் நாற்காலியை விட்டு எழுந்து சிரித்தார்கள். நான் கோடாரியை இறக்கவில்லை. பன்னிரண்டு பிள்ளைகளும் நிறுத்தவில்லை. முன்வரிசை ஓரத்தில் இருந்த ஒரு பெண் பிள்ளைக்கு உன் முகம் தெரிந்திருக்க வேண்டும். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அவளும் நிறுத்தவில்லை. நான்தானே அப்படிப் பழக்கினேன்?

கட்டையின் மேல் உன் வாயிலிருந்து நுரை வழிந்ததைப் பார்த்த பிறகுதான் கோடாரியை இறக்கினேன். இறக்கிய அடுத்த நொடி சிரிப்பு நின்றது. அவ்வளவு நல்ல பிள்ளைகள்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் நீ இல்லை. உன் மனைவி அதற்கு முன்பே இறந்துவிட்டாள். மான்குர்த்திலிருந்து உன் அக்கா வந்து சேரும்வரை அந்த வராந்தாவில் எஸ்தரும் நானும் மட்டும்தான். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை. கண்ணீர் வராமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு திரும்பிக் கேட்டாள்:

"அப்பா உங்க காலைப் பிடிச்சு என்னமோ சொன்னாங்களே பெரியப்பா. என்ன சொன்னாங்க?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "'எஸ்தரை டீச்சராக்கிடுங்க அண்ணாச்சி'ன்னு சொன்னாம்மா."

அவள் தலையை ஆட்டினாள். அதன் பிறகுதான் அழுதாள். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாகக்கூட நினைத்தேன்.

அவளுக்குப் பைகள் வரையப் பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். நோட்டின் கடைசிப் பக்கமெல்லாம் தோல் பை, வார், பூட்டு. தாராவிச் சந்து ஒன்றில் தோல் பை தைக்கிற பட்டறைக்குப் பள்ளி விட்டதும் போய் நின்றுகொண்டிருப்பாள். அந்தப் பட்டறைக்காரர்கூட, "வாத்தியாரே, உங்க பொண்ணு வரையுறதை நான் தைச்சா விக்குது" என்று உன்னிடம் சொன்னார். அந்த வருஷத்தோடு அவள் வரைவதை நிறுத்தினாள். நான்தான் அலைந்து ஆசிரியர் பயிற்சியில் சேர்த்துவிட்டேன். வேலை கிடைத்த அன்று உன் படத்துக்கு மாலை போட்டாள். "நீங்க சொன்னபடி ஆயிட்டேன்பா" என்று அவள் படத்தைப் பார்த்துச் சொன்னபோது பக்கத்தில் நின்றது நான்.

அதற்குப் பிறகு ஒன்று நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் மாஹிம் ஸ்டேஷனில் ஒருவன் என்னை நிறுத்தினான். சிரிப்புப் பிள்ளைகளில் ஒருவன், இப்போது அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு சூப்பர்வைசர், தலையில் நரை. கைப்பிடித்து நலம் விசாரித்தான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "சார், ஒண்ணு கேக்கணும். நாங்க சிரிச்சதாலதான் யாருக்கும் தெரியாமப் போச்சா? நாங்க நிறுத்தியிருந்தா ஜெபராஜ் சார் பொழைச்சிருப்பாரா?" நான், "சே, அதெல்லாம் ஒண்ணுமில்லடா, பழசைப் போட்டு ஏன் கொழப்பிக்கிறே" என்றேன். லோக்கல் வந்தது. ஏறிவிட்டேன். அவன் பிளாட்பாரத்திலேயே நின்றான். வண்டி போகும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

போன மாதம் உன் அக்கா தவறிப்போனார். அவருடைய டிரங்குப் பெட்டியிலிருந்து அந்த ஆண்டு விழா வீடியோ கேஸட் கிடைத்திருக்கிறது. எஸ்தர் இப்போது செம்பூரில் இருக்கிறாள். அவள் கட்டடத்தில் ஒலிப்பதிவு வேலை தெரிந்த ஒருவர் அதை கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்திருக்கிறார். ஒரு செவ்வாய்க்கிழமை எனக்குப் போன் செய்தாள். அவள் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது.

"பெரியப்பா, சிரிப்பை மட்டும் தனியா எடுத்துடலாமாம்! இப்ப அதுக்கெல்லாம் சாஃப்ட்வேர் இருக்காம். கட்டைக்குக் கீழ மைக் இருந்திருக்கில்ல? சிரிப்பை எடுத்துட்டா அப்பா பேசினது கேக்குமாம். ஞாயித்துக்கிழமை கோயில் ஆராதனை முடிஞ்சதும் வாங்க. நீங்க வந்தப்புறம்தான் போடுவேன். அதுவரை நானும் கேக்க மாட்டேன்."

செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. ஐந்து நாள் இருந்தது. தினமும் அவளைக் கூப்பிட போனைக் கையில் எடுத்தேன், தினமும் கீழே வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ரயிலில், வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அவள் கதவைத் திறந்தபோது புதுப்புடவை கட்டியிருந்தாள். உன் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி நாற்காலியில் வைத்திருந்தாள், நீயும் கேட்க வேண்டுமாம். தெருச் சத்தம் வராமல் ஜன்னலை மூடினாள். "சாய் அப்புறம் போடுதேன் பெரியப்பா" என்றாள். பொத்தானை அழுத்திவிட்டாள்.

சிரிப்பை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று நான் யோசித்ததே இல்லை. பலகை மேல் என் செருப்புச் சத்தம். துணி உரசுகிற சத்தம். யாரோ இழுத்து இழுத்து மூச்சு விடுகிற சத்தம், அது நீ. பிறகு உன் குரல், பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி: "அண்ணாச்சி, முடியல. நிறுத்துங்க." பிறகு என் குரல்.

எஸ்தர் என்னைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டீச்சர்னு இதுக்கப்புறம் வருமா பெரியப்பா?" என்றாள்.

திரையில் என் கால் உன் கையை உதறியது. நான் கத்தினேன். சிரிப்பு இல்லாத அந்த அறையில் அது வெறும் கத்தல்.

"இன்னும் வரல்லியே" என்றாள். கொஞ்சம் பின்னால் போய் மறுபடி போட்டாள். காதைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "எங்க வருது? மெதுவாச் சொன்னாங்களோ?" மூன்றாவது முறையும் போட்டாள். நான்காவது முறை உன் மூச்சு நின்றபிறகும் ஓடவிட்டு, பதிவு தீருகிறவரை காத்திருந்தாள்.

"வராதும்மா" என்றேன். "அவன் அதைச் சொல்லல. நான் சொன்னது."

அவள் கம்ப்யூட்டரை அணைத்தாள். பிறகு, "கையை உதறினதை நான் அன்னிக்கே பாத்தேன். நடிப்புன்னு நெனச்சேன்" என்றாள்.

"நானும் நடிப்புன்னுதாம்மா..."

"பொய் சொல்லாதீங்க. 'நிறுத்துங்க'ன்னு சொன்னவருக்கு 'பொறுடே'ன்னு பதில் சொல்லியிருக்கீங்க. அது துரைக்குச் சொன்ன பதில் இல்ல. எங்க அப்பாவுக்குச் சொன்ன பதில்."

இருபத்தெட்டு வருஷம் பிள்ளைகளின் விடைத்தாள் திருத்தியவன் நான். அவள் சொன்னதில் ஓர் எழுத்துத் தப்பு இல்லை.

"எனக்கு இந்த வேலை ஒரு நாள்கூடப் புடிச்சதில்ல" என்றாள். "ஒரு நாள்கூட. காலையில எந்திரிக்கும்போதே வாய் கசக்கும். அப்பா உசிரு போறப்ப கேட்டது இதாச்சேன்னு போவேன். பிள்ளைங்களை ஸ்கேலால அடிச்சிருக்கேன். என்கிட்ட படிச்ச பிள்ளைங்க ரோட்டுல என்னைப் பாத்தா நிக்க மாட்டாங்க, எதிர்ப்பக்கம் ஓடிருவாங்க. உங்களைப் பாத்தா ஓடி வருவாங்க, இல்ல? நீங்கதான் நல்ல சாராச்சே."

நான் தலைகுனிந்திருந்தேன்.

"வேற ஏதாவது சொல்லியிருக்கலாமே. 'எஸ்தர் நல்லா இருக்கணும்'னு சொன்னாங்கன்னு சொல்லியிருந்தா, நான் பை வரையப் போயிருப்பேனே. பொய்தானே, அதுல என்ன கஞ்சத்தனம்? ஏன் டீச்சர்?"

"எனக்குத் தெரிஞ்ச நல்ல வேலை அது ஒண்ணுதாம்மா" என்றேன்.

அவள் சிரித்தாள், தம்பி. நெடுநேரம் சிரித்தாள். நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளாக நிறுத்தியபோது முகம் காய்ந்திருந்தது.

பிறகு என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள், பாடம் நடத்துகிற குரலில். இந்தக் கடிதத்தை எழுத வேண்டும். நடந்ததில் ஒன்றையும் விடக் கூடாது. அந்தப் பன்னிரண்டு பேர் மேல் ஒரு தப்பும் இல்லை என்று தெளிவாக எழுத வேண்டும். எழுதுகிறேன்: அம்பர்நாத்தில் இருப்பவனே, அழுதுகொண்டே சிரித்த பெண்ணே, மற்ற பத்துப் பேரே, நீங்கள் சிரிக்கவில்லை. நான் கோடாரியை ஓங்கி வைத்திருந்தேன். ஸ்டேஷனில் உனக்குப் பதில் சொல்லாமல் வண்டி ஏறியதற்கும் சேர்த்து என்னை மன்னிக்க வேண்டாம், பதிலை மட்டும் வாங்கிக்கொள். ஆமாம், ஜெபராஜ் சார் நிறுத்தச் சொன்னார். என்னிடம் சொன்னார். உங்களிடம் இல்லை.

கடைசியாக ஒன்று சொன்னாள். உன் நினைவு நாள் அன்று அதே ஹாலில், அதே மேடையில் நின்று இதை நான் வாசிக்க வேண்டும், முகமூடி இல்லாமல். அவள் முன்வரிசையில் உட்காருவாள். வரக்கூடிய பழைய பிள்ளைகளையும் அவளே கூப்பிடுவாள்.

"எனக்கு எழுபத்துநாலு வயசும்மா. நடுவுல முடியாமப் போச்சுன்னா?" என்று கேட்டேன். அவ்வளவு கேட்க எனக்கு உரிமை உண்டு என்று அப்போதும் நினைத்திருக்கிறேன் பார்.

"முடியலன்னு சொல்லுங்க" என்றாள். "நான் முன்வரிசையிலேர்ந்து சொல்லுவேன், 'பொறுங்க சார், நல்லா வருது'ன்னு."

அப்போதுதான் கவனித்தேன். இருபத்துமூன்று வருஷம் பெரியப்பா. அதற்கு முன்பு, நீ அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த நாளிலிருந்து பெரியப்பா. இப்போது சார். வாசல்வரை வந்தாள். "செருப்பு அந்தப் பக்கம் இருக்கு சார்" என்றாள். சாய் போடவில்லை. நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன், செவ்வாய்க்கிழமையும் போகவில்லை. தாராவிப் பக்கம் பார்த்ததாக ஒருவர் சொன்னார். தோல் பட்டறை இருந்த சந்தில் நின்றுகொண்டிருந்தாளாம். அந்தப் பட்டறை மூடி ஆறு வருஷம் ஆகிறது. நாற்பது வயதில் ஒருத்தி முதல் பையை வரைய உட்காரலாமா, ஜெபராஜ்? கை வருமா? உனக்குத்தான் தெரியும். நீதான் ஓவிய வாத்தியார்.

கோடாரி என் அலமாரி மேல் இருக்கிறது. வெள்ளிக் காகிதம் உரிந்து போய்விட்டது, வெறும் அட்டை. அதையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறாள். எதற்கு என்று கேட்கவில்லை.

உன் நினைவு நாளுக்கு வருகிறேன். கோடாரியை உன் மகள் கையில் கொடுத்துவிட்டு, நீ கன்னம் வைத்த இடத்துக்குப் பக்கத்தில் நின்று, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசிக்கிறேன். அவள் அதை ஓங்கி வைத்திருக்கும்வரை நிறுத்த மாட்டேன். என் கை கடுத்தாலும், மூச்சு இழுத்தாலும், முடியல என்ற அந்த ஒரு வார்த்தையை என் வாயால் சொல்ல மாட்டேன். அது உன்னுடைய வார்த்தை.

அவளுக்குப் பெரியப்பா இல்லையென்றாலும், உனக்கு இன்னும்
அண்ணாச்சி,
சங்கரலிங்கம்
மாட்டுங்கா